தோல் பார்க்கிறவள்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்துக் கம்பெனியில்
எனக்குத் தோல் பார்க்கிற வேலை.
ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து
கட்டைவிரலால் ஒரு தடவல்.
உண்ணி கடித்த வடு,
முள்கம்பி கிழித்த கோடு,
எந்த ஊர் மாட்டுக்கோ யாரோ போட்ட சூடு.
சில்வர் பேனாவால் ஒரு வட்டம்.
வட்டம் விழுந்தால் ரிஜெக்ட்.

ஒருமுறை ஜெர்மனிக்குப் போன சரக்கில்
முந்நூறு ஜோடி திரும்பி வந்தது.
இம்தியாஸ் பாய் கத்தவில்லை.
ஒற்றை ஷூவை என் மேசைமேல் வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனார்.
அதற்குப் பிறகு ஒரு மாதம்
கண்ணில் பட்டதெல்லாம் குற்றம்.
மயிர்க்கால் இருந்த புள்ளி குற்றம்.
என் கையின் நிழல் விழுந்தால் அதற்கும் வட்டம்.
முதுகுக்குப் பின்னால் நல்ல தோல் குவிந்துகொண்டே போனது.
பியூலா இப்போதுதான் ஜாக்கிரதையாகப் பார்க்கிறாள்
என்றார்கள்.

ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்தது.
ஐந்தாம் நாள் போய்விட்டது.
போன சேதி
உள்ளே யாருக்கோ போய்ச் சேரவில்லை.

கன்னம் இரண்டிலும் சிவப்பு ஏறி
மூக்குமேல் கைகோத்துக்கொண்டது.
ரூஜ் போட ஆரம்பிச்சிட்டியா என்றாள்
பக்கத்து மேசை நூருன்னிசா.
தை மாதம் பேஸ்ட் மூடி திறக்க வரவில்லை.
பங்குனியில் சிறுநீரில் நுரை,
சோப்பு போட்ட மாதிரி.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரி.
டோக்கன் நானூற்றுப் பதினேழு.
பக்கத்து நாற்காலிக்காரர் மால்டாவாம்,
மூன்று நாள் ரயில், மடியில் எக்ஸ்ரே கவர்.
அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம்.
அவர் முழங்காலைக் காட்டினார்.
நான் விரல்களைக் காட்டினேன்.
பொரிப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

டாக்டர் என்னைவிடச் சின்னவள்.
லூபஸ் என்று எழுதினாள்.
உங்க எதிர்ப்பு சக்தியே உங்களை அடிக்குது என்றாள்.
நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து
வேலியே பயிரை மேயுற மாதிரி என்றாள்.

இல்லை டாக்டர்.
மேய்கிற வேலிக்குப் பசி இருக்கும்.
இதற்குப் பசியே இல்லை.
இது லீவு போடாது, லஞ்சம் வாங்காது,
ராத்திரி ஷிப்டிலும் கண் அசராது.
இதன் கையில் ஒரு சில்வர் பேனா இருக்கிறது.
மூட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறது: வட்டம்.
சிறுநீரகத்தைப் புரட்டிப் பார்க்கிறது: வட்டம்.
எவனோ ஒரு ஷூவைக்
கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்
அதன் மேசையில்.

எதையும் சொல்லவில்லை. தலையாட்டினேன்.

வெயில் படக்கூடாது என்றாள்.
வேலூரில்.
சித்திரையில்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.
அப்புறம் சிரிக்காமல் மாத்திரை எழுதினாள்.
முகம் உப்பும்,
கூட்டத்துக்குள் போகாதீர்கள்,
தும்முகிறவர் பக்கம் நிற்காதீர்கள்.
காவல்காரனைத் தூங்கவைக்கிற மாத்திரை;
திருடன் வந்தாலும் வரலாம்.
எட்டு மாத்திரை காலையில், சாப்பிட்டபின்.

பஸ் ஸ்டாண்டுக்குக் குடை பிடித்து நடந்தேன்.
ராஜா இல்லாத கோட்டை என்று இந்த ஊரைக் கேலி பேசுவார்கள்.
அகழி மட்டும் சுற்றிலும்
பச்சைத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தது.
அதற்கும் யாரும் சொல்லவில்லை போல.

இப்போது ஜன்னலோர மேசையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.
வட்டம் போடக் கை கொஞ்சம் தாமதிக்கிறது,
வலியாலா வேறெதனாலா, தெரியவில்லை.
மாத்திரையில் தூக்கம் வராத இரவுகளில்
பாத்ரூம் ட்யூப்லைட்டுக்குக் கீழே
கட்டைவிரலால் கன்னத்தைத் தடவிப் பார்க்கிறேன்.
உண்ணி இல்லை. முள் இல்லை.
சூடும் யாரும் போடவில்லை.

இது நல்ல தோல் என்று சொல்வதற்கு
எங்கள் கம்பெனியில்
குறி எதுவும் கிடையாது.